தானியங்கி கியர் கார்கள்: பயிற்சி நேரம் குறைவு, ஓட்டுநரின் பொறுப்பு அதேதான்

பிரான்ஸ் தலைநகர் பாரிஸின் வடபகுதியில், கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டி அமைந்துள்ள லாச்சப்பல், இலங்கைத் தமிழர்களின் வர்த்தக மையமாக நீண்டகாலமாக விளங்கி வருகிறது. கடைகளுக்குச் சரக்குக் கொண்டுவருவோருக்கும், மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கும் முன்பே வேலைக்குப் புறப்பட வேண்டியவர்களுக்கும், சாரதி அனுமதிப்பத்திரம் என்பது பிழைப்போடு நேரடியாகத் தொடர்புடைய ஓர் ஆவணமாகும்.

சாதாரண கியர் கொண்ட காருக்கான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு பிரான்ஸில் குறைந்தபட்சம் 20 மணி நேரப் பயிற்சி கட்டாயம். தானியங்கி கியர் காருக்கு 13 மணி நேரம் போதுமானது. ஒவ்வொரு மணி நேரத்திற்கும் கட்டணம் செலுத்தவேண்டிய நிலையில், இரண்டாவது வழி பலரையும் ஈர்ப்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்த அனுமதிப்பத்திரம் எதை ஓட்ட அனுமதிக்கிறது என்பதும், கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் காரில் ஓட்டுநர் செய்யவேண்டியது என்ன என்பதும் பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை.

குறியீடு 78

தானியங்கி காரில் தேர்வெழுதி வெற்றி பெற்றவரின் அட்டையின் பின்புறத்தில் 78 என்ற குறியீடு இடப்படுகிறது. கிளட்ச் பெடல் உள்ள வாகனத்தை இவர் ஓட்டக்கூடாது என்பதே இதன் பொருள்.

கடை முதலாளியின் பழைய வேனை அவசரத்திற்கு எடுத்துச் சென்றாலும் அது குற்றமாகவே கருதப்படும். 135 யூரோ அபராதமும், 3 புள்ளிகள் இழப்பும் இதற்கான தண்டனை. புதிதாக அனுமதிப்பத்திரம் பெற்றவரிடம் தொடக்கத்தில் இருப்பதே 6 புள்ளிகள்தான்.

இந்தக் கட்டுப்பாட்டை நீக்கிக்கொள்ள வழி உண்டு. அனுமதிப்பத்திரம் பெற்று 3 மாதங்கள் கழிந்தபின், பயிற்சிப் பள்ளி ஒன்றில் 7 மணி நேரப் பயிற்சி பெற்றால் போதும்; மீண்டும் தேர்வு இல்லை. 13 மணி நேரத்துடன் இந்த 7 மணி நேரத்தையும் கூட்டினால் அதே 20 மணி நேரம் வந்துவிடுகிறது. எனவே வேன் ஓட்டும் வேலையை எதிர்பார்ப்பவர் முழுப் பயிற்சி நேரத்தையும் கணக்கில் கொண்டே முடிவெடுப்பது நல்லது.

தாமதமாக வந்த மாற்றம்

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939ஆம் ஆண்டிலேயே முழுமையான தானியங்கி கியரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிரான்ஸின் சித்ரோயன் நிறுவனம் 1955இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய டி.எஸ். காரில் கிளட்ச் பெடல் இருக்கவில்லை. ஆயினும் கியரை ஓட்டுநரே தெரிவு செய்யவேண்டியிருந்தது.

சிறிய எஞ்சின்களும், எரிபொருளின் விலையும் ஐரோப்பியர்களை நெடுங்காலம் சாதாரண கியரிலேயே வைத்திருந்தன. ஹைபிரிட் கார்களும் மின்சாரக் கார்களும் பரவியதால் நிலைமை மாறியுள்ளது. பிரான்ஸில் இன்று விற்பனையாகும் புதிய கார்களில் பாதிக்கும் மேற்பட்டவை தானியங்கி வகையைச் சேர்ந்தவை.

நான்கு நிலைகள்

இக்கார்களின் கியர் நெம்புகோலில் பொதுவாக நான்கு நிலைகள் உள்ளன. நிறுத்தி வைப்பதற்கு பார்க், பின்னால் செல்ல ரிவர்ஸ், எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பில்லாத நியூட்ரல், முன்னே செல்ல டிரைவ். வேகத்திற்கேற்ற கியரை வாகனம் தானே தெரிவு செய்யும். இந்த நான்கில் எது வேண்டும் என்ற முடிவு மட்டும் ஓட்டுநருடையது.

முதல் விதி, பிரேக்கை மிதித்து, வாகனம் முழுமையாக நின்றபின்னரே நெம்புகோலை மாற்றவேண்டும் என்பது. ரூ காய் போன்ற குறுகலான தெருக்களில் முன்னும் பின்னுமாக நகர்த்தி வண்டியைத் திருப்பும்போது, கார் பின்னோக்கி உருண்டுகொண்டிருக்கையிலேயே டிரைவ் நிலைக்கு மாற்றுபவர்கள் உண்டு. வண்டியை நிறுத்தும் வேலை அப்போது பிரேக்கை விட்டு கியர் பெட்டிக்குள் இருக்கும் தகடுகளின் மீது விழுகிறது. அவை விரைவில் தேய்ந்துவிடும்.

இரண்டாவது, சரிவில் நிறுத்தும் முறை. பார்க் நிலையில் காரைப் பிடித்து வைத்திருப்பது, பல்சக்கரம் ஒன்றில் சென்று மாட்டிக்கொள்ளும் சிறிய உலோகப் பல் மட்டுமே. மோன்மார்த்ர் குன்றுச் சரிவுகளில் முழுப் பாரத்தையும் அதன்மீது சுமத்தக்கூடாது. பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்கு வந்து, கை பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கைச் சற்றுத் தளர்த்தி, வண்டியின் பாரம் கை பிரேக்கில் தங்கியபின் மறுபடியும் மிதித்து பார்க் நிலைக்கு மாற்றுவதே சரியான வரிசை.

மூன்றாவது, ஓடும்போது நியூட்ரலுக்கு மாற்றக்கூடாது. இறக்கத்தில் இவ்வாறு செய்தால் எரிபொருள் மிச்சமாகும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. நவீன எஞ்சின்களோ, டிரைவ் நிலையில் காலை எடுத்தவுடன் எரிபொருளைத் தாமாகவே நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலில் எஞ்சினின் தடுப்பாற்றல் இழக்கப்படுவதுதான் மிச்சம். டொயோட்டா ஹைபிரிட் கார்களில் நியூட்ரலில் இருக்கும்போது பேட்டரியும் மின்னேற்றம் பெறுவதில்லை.

நெடுஞ்சாலையில் நுழையும்போது நிலைமை வேறு. லாச்சப்பலுக்கு வடக்கே தொடங்கும் ஏ1 சாலையில் விரைவாக இணைய வேண்டுமானால், ஆக்சிலரேட்டரை ஆழமாக அழுத்தினால் போதும். கார் தானாகவே கீழ்க் கியருக்கு இறங்கி வேகம் கூட்டும்.

பழக்கத்தின் ஆபத்து

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஓட்டிப் பழகியவர்கள் கியரை இடக்கையால் மாற்றியவர்கள். பிரான்ஸில் ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலக்கைப் பக்கம். அதைவிடக் கவனிக்கவேண்டியது இடது கால். கிளட்ச்சைத் தேடிப் பழகிய அந்தக் கால், தானியங்கி காரின் அகலமான பிரேக்கை முழு பலத்துடன் மிதித்துவிடக்கூடும். பின்னால் வருபவர் மோதக்கூடும். ஆக்சிலரேட்டர், பிரேக் இரண்டையும் வலது காலே கையாள வேண்டும். இடது காலுக்கு வேலை இல்லை.

இன்னொன்றும் உண்டு. டிரைவ் நிலையில் பிரேக்கை விட்டவுடன், ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே பெரும்பாலான தானியங்கி கார்கள் மெல்ல நகரத் தொடங்கும். சரக்கு இறக்குவதற்காக ஒரு நிமிடம்தானே என்று டிரைவ் நிலையிலேயே விட்டு இறங்குபவர், மக்கள் நெருக்கமான நடைபாதையை நோக்கித் தன் வண்டியை ஆளில்லாமல் அனுப்பி வைக்கிறார் என்றே கூறவேண்டும்.

பாரிஸின் பெரும்பாலான தெருக்களில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் மணிக்கு 30 கிலோமீட்டரே உச்ச வேகம். இத்தகைய நகரில், நின்று நின்று செல்லும் பயணத்தின் களைப்பைத் தானியங்கி கியர் பெருமளவு குறைக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஓட்டுநரிடமிருந்து எடுத்துக்கொள்வது கிளட்ச்சை மிதிக்கும் வேலையை மட்டுமே. நின்றபின் மாற்றுவதும், நிறுத்தியபின் பூட்டுவதும் இன்னும் மனிதரின் பொறுப்பாகவே உள்ளன.