மூழ்கும் கப்பலின் கடைசிக் குரல்

2015 அக்டோபர் 1-ஆம் தேதி, அமெரிக்காவின் ஜாக்சன்வில்லிலிருந்து போர்ட்டோ ரிகோ நோக்கிச் சென்ற 'எல் ஃபாரோ' சரக்குக் கப்பல், பஹாமாஸ் அருகே புயலில் சிக்கி 33 பேருடன் மூழ்கியது. அதன் அபாய அறிவிப்பு மிதவையின் குரல் செயற்கைக்கோளை எட்டியது. ஆனால், எங்கிருந்து அழைக்கிறோம் என்பதை அக்குரலால் சொல்ல இயலவில்லை. கப்பலிலிருந்து வேறு வழிகளில் வந்த தகவல்களைக் கொண்டே தேடல் தொடங்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை.

'எபிர்ப்' எனக் கடலோடிகள் அழைக்கும் இந்த மிதவை எளிமையானது. கப்பல் அமிழ்ந்ததும், 4 மீட்டர் ஆழத்துக்குள் நீரழுத்தமே அதன் பூட்டை விடுவிக்கிறது. மேலெழுந்து மிதக்கும் கருவி, கடல்நீர் பட்டதும் தானே இயங்குகிறது. விசையை அழுத்த ஒருவரும் மிஞ்சாத நிலையையும் எண்ணியே அதை வடிவமைத்திருக்கிறார்கள். கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கிறது. 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஏறத்தாழ 50 விநாடிக்கு ஒருமுறை, குறைந்தது 48 மணி நேரம் அது அழைக்கும்.

அதைக் கேட்கும் 'காஸ்பாஸ்-சார்சாட்' அமைப்பை, பனிப்போர்க் காலமான 1979-இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கனடா, பிரான்ஸுடன் இணைந்து உருவாக்கின என்பது இன்றும் எனக்கு வியப்பே.

கடந்து செல்லும் ரயிலின் ஊதலொலி மாறுவதுபோல, தாழ்வான பாதையில் விரையும் செயற்கைக்கோளுக்கு அழைப்பின் அலைவரிசை மாறித் தெரியும். அதைக்கொண்டு இடத்தைக் கணிக்கலாம். ஆனால், அது தலைக்கு மேல் வரும்வரை காத்திருக்க வேண்டும். புவிநிலைச் செயற்கைக்கோள் உடனே கேட்டுவிடும். பூமியைப் பொறுத்து அசையாது நிற்பதால், அதனால் இடத்தைக் கணிக்க முடியாது. எல் ஃபாரோவின் அழைப்பைக் கேட்டது இவ்வகைச் செயற்கைக்கோளே. மிதவையிலும் ஜிபிஎஸ் இல்லை. 2022 ஜூலை முதல் கப்பல்களில் புதிதாகப் பொருத்தப்படும் மிதவைகளில் இருப்பிடம் சொல்லும் வசதி கட்டாயமாகியுள்ளது.

இவ்விதிகள் பெரிய கப்பல்களுக்கானவை. 2017 ஒக்கிப் புயலில் சிக்கிய குமரி மாவட்ட மீனவர்களின் படகுகள் இவற்றுள் அடங்கா. அத்தகைய படகுகளுக்கென இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் புழக்கத்தில் உள்ளது. 2024-இல் வந்த அதன் இரண்டாம் தலைமுறையில், அழைப்பு கிடைத்துவிட்டது என்ற பதிலும் படகுக்குத் திரும்பி வருகிறது. நடுக்கடலில் தத்தளிப்பவருக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிது! இதை ஆழ்கடல் செல்லும் ஒவ்வொரு படகுக்கும் அரசு விலையின்றி வழங்க வேண்டும் என்பேன்.

கருவி மட்டும் போதாது. ஒவ்வொரு மிதவைக்கும் தனி அடையாள எண் உண்டு. உரிமையாளரின் தொலைபேசி எண்ணோடு அதைப் பதிய வேண்டும். வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை தவறுதலாக எழுபவை என்பதால், மீட்பு மையம் முதலில் கரைக்குத்தான் தொலைபேசியில் பேசும். படகு கைமாறியும் பதிவு மாறாவிட்டால், மணி ஒலிப்பது பழைய உரிமையாளரின் வீட்டில்.