குரோனஸ் விழுங்கிய கல்

டெல்ஃபி, கிரீஸ்

ஆதியில் கயாஸ் என்னும் பெரும்பாழ். அடுத்துத் தோன்றியவள் பூமித்தாய் கையா. கி.மு. 700 வாக்கில் ஹெசியோட் பாடிய படைப்புக் கதை இது. கையாவின் மகன் குரோனஸ், பெற்ற பிள்ளையே தன்னை வீழ்த்தும் என்று அஞ்சி ஐந்து குழந்தைகளை விழுங்கினான். ஆறாவது பிள்ளை ஜீயஸைக் கிரீட் தீவில் ஒளித்துவிட்டு, துணி சுற்றிய கல்லை நீட்டினாள் மனைவி ரியா. அதையும் விழுங்கினான். பின்னாளில் கக்கியபோது முதலில் வந்தது கல்; பிறகே பிள்ளைகள். ஜீயஸ் அதை இங்கே நட்டான்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பௌசானியாஸ், இங்கிருந்த சிறு கல் ஒன்றுக்கு நாள்தோறும் எண்ணெய் வார்த்து, விழாக்களில் நூற்காத கம்பளி சாத்தியதைப் பதிவுசெய்கிறார். குரோனஸ் விழுங்கியது அதுவே என்பது அன்றைய நம்பிக்கை.

அருங்காட்சியகத்திலுள்ள, வலைப்பின்னல் செதுக்கிய ஓம்ஃபாலோஸ் பளிங்குக்கல் உலகின் நடுவிடத்தைக் குறிப்பது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ள வேண்டாம்.