எவர்சில்வரைக் கண்டு பயம் எதற்கு?

‘எவர்சில்வரில் சமைத்தால் புற்றுநோய் வருமாமே டாக்டர்?’ கொஞ்ச நாளாக இந்தக் கேள்வி கேட்கப்படாமல் என் புறநோயாளிகள் பிரிவில் ஒரு வாரம்கூடக் கழிவதில்லை. கைப்பேசியில் வந்த வீடியோவை நம்பி, வருஷக்கணக்காகப் புழங்கிய எவர்சில்வரைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டு, ஈயச் சொம்பும் பித்தளை உருளியும் செம்பு பாட்டிலும் வாங்கி அடுக்குகிறார்கள். கேள்வியோடு வருபவர்களுக்குப் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். மாதக்கணக்கில் வயிற்றுவலியைச் சுமந்துகொண்டு தாமதமாக வருபவர்களை நினைத்தால்தான் கவலை.

பாத்திரத்தை விட்டுவிட்டு மாத்திரையை மாற்றுகிறோம்

விட்டு விட்டு வரும் வயிற்றுவலி, தீராத மலச்சிக்கல், சோர்வு, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ஹீமோகுளோபின். இவற்றுக்குப் பல காரணங்கள் உண்டு. சமையல் பாத்திரத்திலிருந்து கசியும் காரீயம் உடலில் சேர்வதும் அவற்றில் ஒன்று. குழந்தைகளிடம் இந்த அறிகுறிகள்கூடத் தெரியாமல் போகலாம். படிப்பில் பின்தங்குவது, கவனம் சிதறுவது, காரணமில்லாத எரிச்சல் என்று மூளையைத்தான் அது முதலில் தொடும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் காரீயத்தைப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும்.

நாம் என்ன செய்கிறோம்? மருந்துக்கடையில் ‘கேஸுக்கு ஒரு மாத்திரை’ என்று கேட்டு வாங்கி விழுங்குகிறோம். அது கேட்கவில்லையென்றால் ‘உடலில் சேர்ந்த நச்சை வெளியேற்றும்’ என்று விற்கப்படும் ஏதோ ஒரு சூரணம். அப்படிப்பட்ட சில தயாரிப்புகளிலேயே காரீயம் கண்டறியப்பட்டிருக்கிறது என்பதை யார் யோசிக்கிறார்கள்? தயவுசெய்து இந்தச் சுயவைத்தியத்தை நிறுத்துங்கள். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது.

வீட்டுக்கு வீடு உலவும் தவறான நம்பிக்கைகள்

‘எவர்சில்வரில் இருக்கும் நிக்கலும் குரோமியமும் விஷம்.’ புளிப்பான பண்டத்தை நெடுநேரம் கொதிக்கவைத்தால் இவை நுண்ணிய அளவில் உணவில் இறங்கும் என்பது உண்மை. புதுப் பாத்திரத்தில் அது சற்று அதிகம். சில முறை சமைத்ததும் வெகுவாகக் குறைந்துவிடும். குரோமியம் காற்றோடு சேர்ந்து பாத்திரத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலத்தை உண்டாக்குகிறது. துரு ஏறாமல் காப்பது அந்தப் படலம்தான். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டு, நிக்கல் மிகக் குறைந்த 430 என்ற எவர்சில்வர் ரகத்தைத் தேடலாம். மற்றவர்கள் பயப்பட ஒன்றுமில்லை.

‘பாட்டி காலத்து ஈயச் சொம்பு பாதுகாப்பானது.’ அசல் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. காரீயம் விலை மலிவு என்பதால் கலப்படம் நடக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தோ தட்டிப் பார்த்தோ கலப்படத்தை யாராலும் சொல்ல முடியாது. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரசத்தின் ருசி ஈயச் சொம்பில் இல்லை, மிளகிலும் சீரகத்திலும் பெருங்காயத்திலும் இருக்கிறது. சிறு பிள்ளைகளோ கர்ப்பிணிகளோ இருக்கும் வீட்டில் அந்தச் சொம்பு வேண்டவே வேண்டாம்.

‘செம்பு, பித்தளை எதற்கும் ஏற்றது.’ செம்புக் குடத்தில் வெறும் தண்ணீர் வைக்கலாம். எலுமிச்சைச் சாறோ மோரோ ஊற்றினால் செம்பு கரைந்து குமட்டல், வாந்தியில் கொண்டுபோய் விடும். உள்ளே ஈயம் பூசாத அல்லது பூச்சு தேய்ந்த பித்தளையில் புளிக்குழம்பு வைப்பதும் அப்படித்தான். ஈயம் பூசுகிறவர் உபயோகிப்பது வெள்ளீயம்தானா என்பதும் முக்கியம்.

‘விலை குறைவு என்றால் இண்டாலியம்தான்.’ இண்டாலியம், ஹிண்டாலியம் என்று அழைக்கப்படும் அலுமினியக் கலவைப் பாத்திரங்களிலும் பித்தளைப் பாத்திரங்களிலும் சில, காரீயத்தைக் கசியவிடலாம் என்று 2025-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத, ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத பாத்திரத்துக்கு மலிவு ஒரு நியாயமாகாது.

‘காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர்.’ 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது, சரி. அதைவிட மலிவான 202 ரகத்திலும் ஒட்டாதே! 430-ல் ஒட்டும், ஆனால் அது மோசமான ரகம் அல்ல. இண்டக்‌ஷன் அடுப்புக்கு அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும். காந்தம் இந்த ஒன்றுக்கு மட்டும் உதவும், தரத்தைச் சொல்லாது.

குறைந்த செலவில் எதை வாங்குவது?

எல்லாப் பாத்திரமும் ஒரே ரகமாக இருக்க வேண்டியதில்லை. சாம்பார், ரசம், புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு என்று புளிப்பும் உப்பும் சேர்ந்து கொதிக்கும் பாத்திரங்களுக்கு மட்டும் 304 வாங்குங்கள். அதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். சில பாத்திரங்களில் 18/8 என்று பொறித்திருப்பது இதைத்தான். தட்டு, டம்ளர், அரிசி டப்பாவுக்கு 202 போதும். அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள்; துருவைத் தாங்கும் சக்தி கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

எவர்சில்வர் வெப்பத்தைச் சீராகக் கடத்தாது. அதனால்தான் பால் அடிபிடிக்கிறது, தாளிப்பு ஒரு பக்கம் கருகுகிறது. வாணலிக்கும் பால் பாத்திரத்துக்கும் நடுவில் அலுமினியத் தகடு வைத்த கனமான அடிப்பாகம் தேவை. அங்கே காசைச் செலவழியுங்கள். சோறு வடிக்கவும் ரசம் வைக்கவும் சாதாரண அடி போதும். பத்து பாத்திரம் கொண்ட செட் வாங்கிப் பரணில் ஏற்றுவதைவிட, தேவையான நான்கை நல்லதாக வாங்குவது சிக்கனம்.

2024-ல் எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. ‘ஃபுட் கிரேடு’ என்ற ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம். முத்திரையைப் பாருங்கள், ரகத்தை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள்

புதுப் பாத்திரத்தைச் சோப்பு போட்டுக் கழுவி, புளித்தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டுச் சமையலைத் தொடங்குங்கள். குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அப்படியே வைத்தால் அடியில் புள்ளி புள்ளியாக அரிக்கும். கொதி வந்ததும் போடுங்கள். வானவில் நிறக் கறைக்கும் வெள்ளைப் படிவுக்கும் பயந்து பாத்திரத்தைத் தூக்கிப் போட வேண்டாம். அவை கெடுதல் செய்யாது. ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் ஜாடிக்கோ கண்ணாடிக்கோ போகட்டும்.

உங்கள் வீட்டுச் சமையலறையை இந்த வாரமே ஒருமுறை பாருங்கள். ஈயச் சொம்பு, பூச்சு தேய்ந்த பித்தளை, முத்திரையில்லாத அலுமினியக் கலவைப் பாத்திரம் இருந்தால் முதலில் அடுப்பிலிருந்து இறக்குங்கள். வயிற்றுவலி ஓயவில்லை என்றால், வீட்டில் எந்தப் பாத்திரத்தில் சமைக்கிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். காரீயத்தால் குழந்தையின் மூளைக்கு நேரும் பாதிப்பை எங்கள் மருந்தால் முழுதாகத் திருப்பித் தர முடியாது. அதை வராமல் தடுப்பது உங்களால் முடியும். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், வீடியோவை நம்பிப் பிள்ளைகளின் சோற்றைப் பரிசோதனைப் பொருளாக்காதீர்கள்.