கடல்நீர் மீன்தொட்டியில் பாசியை இனம் காணுதல்

நன்னீர் மீன்தொட்டி பல இல்லங்களில் உண்டு. கடல்நீர்த் தொட்டி சில இல்லங்களில்தான் இருக்கும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்த நீரில் கோமாளி மீன்களும் நத்தைகளும் வாழ்வதைக் காண இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் தொட்டி வைத்த சில வாரங்களிலேயே வெண்மணல் பழுப்பேறிவிடும். “பாசி பிடித்துவிட்டது, தண்ணீரை மாற்று” என்பார்கள் வீட்டிலுள்ளோர். தோழியரே, இங்கேதான் சற்று நிதானிக்க வேண்டும். பழுப்பெல்லாம் ஒன்றன்று. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு விருந்தாகிவிடும்!

புதிய தொட்டியில் முதலில் வருவது பெரும்பாலும் டயாட்டம். இது ஓர் ஒற்றைச் செல் பாசி. தன்னைச் சுற்றிச் சிலிக்காவால் கண்ணாடி போன்ற ஓடு கட்டிக்கொள்ளும். மணலிலும் குழாய் நீரிலும் உள்ள சிலிக்காதான் அதற்கு மூலப்பொருள். கண்ணாடியில் மாவு தூவியது போலப் படியும். விரலால் துடைத்தால் எளிதில் போய்விடும். சிலிக்கா குறைந்ததும் சில வாரங்களில் தானே அடங்கும். இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைக்குரியது டைனோபிளாஜெல்லேட். இதுவும் பழுப்பே. ஆனால் சளி போல இழை இழையாகத் தொங்கும்; இழைகளில் காற்றுக்குமிழிகள் சிக்கியிருக்கும். விளக்கொளியில் அடர்ந்து காணப்படுவது, இரவில் வெகுவாகக் குறைந்துவிடும். இதன் சில வகைகள் நஞ்சுடையவை. இவற்றைத் தின்னும் நத்தைகள் மடிவதுண்டு. நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே இல்லாமற்போனால், மற்றப் பாசிகள் பட்டினியால் ஒடுங்க, அந்த வெற்றிடத்தை இது பிடித்துக்கொள்ளும். ஆகவே, ‘அழுக்கு’ என்று எண்ணி அடிக்கடி நீரை மாற்றினால் இது மேலும் பெருகக்கூடும். டயாட்டம் என்று தவறாகக் கருதுவோர் படும் துன்பம் இதுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சிறிது சளியை நீருடன் ஒரு கண்ணாடிக் குப்பியில் இட்டு நன்கு குலுக்கி, துடைக்கும் காகிதத்தில் வடிகட்டி, வடிந்த நீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மீண்டும் இழையாகத் திரண்டால் டைனோபிளாஜெல்லேட் என்றே ஐயுறலாம். ஐயம் தீர நுண்ணோக்கிதான் வழி. பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ளதே போதும். 400 மடங்கு பெருக்கத்தில் டயாட்டம் படகு போன்ற ஓடுடன் அசையாமலோ மெல்ல நகர்ந்தோ காணப்படும். மற்றதோ கசையிழைகளைச் சுழற்றி நீந்தும். பாதாம் பருப்பு வடிவில், ஓரிடத்தில் கட்டிப் போட்டது போல வட்டமிட்டால், அது ஆஸ்ட்ரியோப்சிஸ் என்னும் நச்சு வகையாக இருக்கலாம்.

செந்நிறப் படலம் கண்டால் வேறு கதை. அதைப் பாடநூல் நீலப்பச்சைப் பாசி என்கிறது. தொட்டியிலோ பெரும்பாலும் சிவப்பாக இருக்கும்! உண்மையில் அது பாக்டீரியா. விளிம்பைப் பற்றி இழுத்தால் தாள் போல உரிந்து வரும், துர்நாற்றமும் வீசும்.

பச்சை வகைகளை அறிவது எளிது. மயிர்போல் நீண்டது டெர்பீசியா. சிறு இறகு போலிருப்பது பிரையாப்சிஸ். கோலிக்குண்டு போன்ற பளபளப்பான உருண்டை வலோனியா. அவ்வளவு பெரிய உருண்டையும் ஒரே செல்தான்! கல்லின் மேல் இளஞ்சிவப்பாய்க் கெட்டியாக ஒட்டியிருப்பது சுண்ணாம்புச் சத்தால் உடல் அமைக்கும் பவளப்பாசி. அதைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள். அது தொட்டிக்கு நல்லது.