இரவில் கொள்முதல், பகலில் சமையல்

‘ஸ்நேக் பிளான்ட்டைப் படுக்கையறையில் வைத்தால் ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் கொடுக்குமாமே?’ என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. நர்சரியில் அப்படிச் சொல்லித்தான் விற்றார்களாம். செடி நல்ல செடிதான். சொன்ன காரணம்தான் தப்பு.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும்; அந்த வழியாகவே தண்ணீரும் ஆவியாகிப் போகும். மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்த ஸ்நேக் பிளான்ட்டுக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது. அதனால், நடுராத்திரியில் கோயம்பேடு சந்தைக்குப் போய்ச் சரக்கெடுக்கும் மெஸ்காரர் மாதிரி, இருட்டியபின் துளைகளைத் திறக்கிறது. வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாக்கி, செல்லுக்குள் இருக்கும் பையில் அடுக்குகிறது. ஆப்பிளுக்குப் புளிப்பு தரும் அதே அமிலம்தான். விடிந்ததும் ஷட்டரை இறக்கிவிடும். வெளிச்சம் பட்டு அடுப்பு பற்றியதும் கிடங்குச் சரக்கிலிருந்து வாயு பிரிந்து சர்க்கரையாகிறது. பொழுது சாயும்போது கிடங்கு காலி, மறுபடி கோயம்பேடு. ஆக்ஸிஜன் இந்தச் சமையலின் தாளிப்பு வாசனை. அடுப்பே எரியாத நேரத்தில் அது எங்கிருந்து வரும்? ராத்திரியில் நடப்பது கொள்முதல் மட்டுமே.

சரித்திரம் கேட்பவர்களுக்கு: இந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன், இதேபோல இரவில் அமிலம் சேர்க்கும் ரணகள்ளியின் இலையை மென்றுபார்த்து, காலையில் புளிப்பு, நண்பகலில் சப்பென்று, மாலையில் லேசான கசப்பு என்று லண்டன் லின்னேயன் சங்கத்துக்குத் தெரிவித்தார். 1815-இல் அது அச்சானது. நீங்கள் மென்றுபார்க்க வேண்டாம். அந்த இலையில் இதயத்தைத் தாக்கும் நச்சு உண்டு.

காற்றைச் சுத்தமாக்கும் என்ற விளம்பரமும் இதே ரகம். 1989-இல் வெளியான நாசா ஆய்வு, மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. வீட்டில் ஜன்னலும் கதவும் இருக்கின்றன. அவற்றின் வழியாக மாறும் காற்றுக்கு ஈடுகொடுக்க, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டியிருக்கும் என்று 2019-இல் வெளியான ஒரு மறுஆய்வு கணக்கிட்டது. அப்புறம் கட்டிலை எங்கே போடுவது?

பகலெல்லாம் ஷட்டர் போட்டிருக்கும் செடி தண்ணீரை மிகக் கொஞ்சமாகத்தான் செலவழிக்கும். பாசத்தில் தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் தொட்டி ஈரத்திலேயே ஊறி, கிழங்கு அழுகி, இலை அடியோடு சாயும். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்றாதீர்கள்.