புலி, ஆடு, புல்லுக்கட்டு, ஒரு புரோகிராம்!

ஒரு மனிதன் புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஆற்றின் அக்கரைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பரிசலில் அவனோடு ஒன்றைத்தான் ஏற்றலாம். அவன் அருகில் இல்லாவிட்டால் புலி ஆட்டைத் தின்றுவிடும். ஆடு புல்லைத் தின்றுவிடும். எப்படிக் கடப்பான்?

சிறு வயதில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஐரோப்பாவில் இது ஓநாய், ஆடு, முட்டைகோஸ். 9ஆம் நூற்றாண்டு லத்தீன் கையெழுத்துப் பிரதியிலேயே இருக்கிறது. அல்குவின் என்ற அறிஞர் தொகுத்த கணக்குகளில் ஒன்று என்பார்கள்.

என் முதல் இன்டர்வியூவில் இதைத்தான் புரோகிராமாக எழுதச் சொன்னார்கள். விடை தெரிந்ததுதானே என்று உற்சாகமாக உட்கார்ந்தேன். ஆனால் விடையை நான் எழுதக் கூடாதாம், கம்ப்யூட்டரே கண்டுபிடிக்க வேண்டுமாம்!

கம்ப்யூட்டருக்குப் புலியும் தெரியாது, புல்லும் தெரியாது. எனவே இக்கரை என்றால் 0, அக்கரை என்றால் 1 என்று வைத்துக் கொண்டேன். மனிதன், புலி, ஆடு, புல் என்ற வரிசையில் எழுதினால் தொடக்கம் 0000. சேர வேண்டியது 1111. மொத்தமே 16 நிலைகள்தான். அவற்றில் 6 ஆபத்தானவை. உதாரணமாக 0110 என்றால் அக்கரையில் புலியும் ஆடும் தனியாக! மீதி 10.

ரன் செய்தேன். திரையில் 1010, 0000, 1010, 0000 என்று ஓடிக்கொண்டே இருந்தது. ஆட்டைக் கொண்டு போய் விடுவதும், திரும்ப ஏற்றி வருவதுமாக... விதிப்படி தவறே இல்லை. கண்ட்ரோல் + சி அழுத்தி நிறுத்துவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. வேலை கிடைக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. இந்தப் புதிரில் நாம் திணறுவது நான்காவது பயணத்தில். கொண்டு போன ஆட்டைத் திரும்பக் கொண்டு வர நமக்கு மனம் வராது. கம்ப்யூட்டருக்கோ அந்தத் தயக்கமே கிடையாது. வந்த இடத்துக்கே ஆயிரம் முறை போகும். போன நிலைகளை ஒரு பட்டியலில் குறித்துக் கொள், அங்கே மறுபடி போகாதே என்று நாம்தான் சொல்ல வேண்டும். அன்றிரவு அந்தப் பட்டியலைச் சேர்த்தேன். கண் இமைப்பதற்குள் விடை வந்தது:

0000, 1010, 0010, 1110, 0100, 1101, 0101, 1111

அதாவது முதலில் ஆடு. தனியே திரும்பிப் புலி. புலியை விட்டுவிட்டு ஆட்டைத் திரும்ப ஏற்றி வந்து, அதை இக்கரையில் இறக்கிப் புல்லுக்கட்டை எடுத்துப் போக வேண்டும். கடைசியாகத் தனியே வந்து மீண்டும் ஆடு. மொத்தம் 7 பயணங்கள்.

புரோகிராம் எழுதத் தெரியாதவர்கள் ஒரு தாளில் அந்த 10 நிலைகளையும் எழுதி, போகக்கூடியவற்றைக் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். 7 பயணங்களில் முடியும் இன்னொரு வழியும் கண்ணில் படும்.