கணக்குப் பெட்டி கண் மூடினால்...

2024 தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். ரங்கே கவுடர் வீதியில் நமக்கு வேண்டிய ஒரு மொத்த மளிகைக் கடையில் காலை எட்டரை மணிக்கு பில் நின்றுவிட்டது. பொள்ளாச்சிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் போகவேண்டிய சரக்கு ஏற்றித் தயாராக நிற்கிறது. பில் இல்லாமல் வண்டி நகர முடியாது. போன் செய்தால், "ஹோஸ்ட் போயிடுச்சுங்க, கொஞ்சம் பொறுங்க" என்று பதில். கடைக்காரர் நம்மிடம் கேட்டார்: "ஹோஸ்ட்டுன்னா யாருங்க? கணக்கு நம்முதுதானுங்களே?"

நம் உறுப்பினர்களில் பலருடைய கணக்கு இன்று கடையில் இல்லை. வேறொரு நிறுவனத்தின் அறையில், வாடகைக்கு இருக்கிறது. அங்கே நடப்பதை நம் வழக்கத்தில் சொன்னால், ஒரு பெரிய குடோனைத் தடுத்து இருபது அறைகளாக்கி இருபது வியாபாரிகளுக்கு விடுவது போல. அறைதான் வர்ச்சுவல் மெஷின், கட்டடம்தான் ஹோஸ்ட். இப்படிச் சில கட்டடங்களைச் சேர்த்து ஒரே நிர்வாகம் தனக்கென்று நடத்தினால் அதற்குத் தனியார் கிளவுட் என்று பெயர். கட்டடம் விழுந்தால் இருபது பேருக்கும் ஒரே நேரத்தில் கடையடைப்பு.

அப்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: சரக்கு எங்கே இருக்கிறது? கணக்கு எழுதப்படும் டிஸ்க், ஹோஸ்ட்டுக்கு வெளியே எல்லாக் கட்டடங்களுக்கும் பொதுவான இடத்தில் இருந்தால், வேறொரு ஹோஸ்ட் அதைத் திறந்து சில நிமிடங்களில் கடையை நடத்தும். அடித்துக்கொண்டிருந்த பாதி பில் மட்டும் போகும். டிஸ்க் அதே ஹோஸ்ட்டுக்குள் இருந்தால் ரிப்பேர் ஆகும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது பழைய பேக்கப்பை எடுக்க வேண்டும். செலவு குறைவு என்பதால் இந்த இரண்டாவது ஏற்பாட்டையே பலர் தலையில் கட்டுகிறார்கள். பொது டிஸ்க் இருந்தாலும், மற்ற ஹோஸ்ட்களில் இடம் காலியாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கழுத்துவரை நிரப்பி வாடகைக்கு விட்டிருந்தால் அகதிகளுக்கு இடம் ஏது?

இன்னொரு சங்கடம் உண்டு. ஹோஸ்ட் பேசவில்லை என்றால் செத்துவிட்டது என்று பொருளல்ல. நெட்வொர்க் கேபிள் மட்டும் அறுந்திருக்கலாம். அதை அறியாமல் இன்னொன்றில் அதே மெஷினைத் திறந்தால், ஒரே பேரேட்டில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுதுவது போலாகும். பேரேடே நாசம். ஆகவே விவரம் தெரிந்தவர் பழைய ஹோஸ்ட்டின் மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். நாம் போனில் சத்தம் போடும்போது பத்து நிமிடம் தாமதிப்பவர் சோம்பேறி அல்ல!

பேக்கப் அதே கூரையின் கீழ் இருந்தால் பயனில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, சிலருக்குக் கணக்கும் நகலும் சேர்ந்தே போயின. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜன் நகரில் அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்து 600-க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட், வெளியே நகல் இல்லாமல் அழிந்தன. நம் நாட்டில் 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் நிறுவனத்தில் ரான்சம்வேர் புகுந்ததால், அதை நம்பியிருந்த கூட்டுறவு, கிராம வங்கிகளின் பணப்பரிமாற்றம் நின்றது. காரணம் வேறு என்றாலும், ஓரிடத்தில் அடைபட்டால் பலர் கடை அடைபடுகிறது.

ஜி.எஸ்.டி. விதி 57, மின்னணுக் கணக்குக்கு முறையான பேக்கப் வைத்திருக்க வேண்டும், விபத்தில் அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. இந்தப் பொறுப்பு நம்முடையது. வாடகைக்கு விட்டவருடையது அல்ல. விதி 46 பில் எண்களை ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளில் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆகவே தனி வரிசை எண்ணோடு அச்சடித்த ஒரு பில் புத்தகம் மேஜையில் இருக்கட்டும். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள், பதிவு பெற்ற வணிகருக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் இல்லாமல் கைப்பில் மட்டும் போதாது என்பதையும் கவனிக்கவும். மெஷின் வேறிடத்தில் உயிர்பெற்றதும் டேலி லைசென்ஸை மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டியும் வரலாம்.

நமது ரங்கே கவுடர் வீதி நண்பருக்கு டிஸ்க் ஹோஸ்ட்டுக்குள்ளேயே இருந்தது. முந்தாநாள் இரவு எடுத்த பேக்கப்தான் கிடைத்தது. நடுவில் ஒரு முழு நாள் வியாபாரம், அதுவும் தீபாவளிக் கடன் சரக்கு. வயதான கணக்குப்பிள்ளை பழைய பழக்கத்தில் யார் பேரில் எத்தனை சிப்பம், எவ்வளவு பாக்கி என்று சிட்டையில் குறித்து வைத்திருந்தார். அதைப் பார்த்து இரவு இரண்டு மணிவரை மறுபடி ஏற்றினார்கள்.

இப்போது அந்தக் கடையில் தினமும் கடை சாத்தும்போது ஒரு நகலை வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை அந்த நகலை வேறொரு லேப்டாப்பில் திறந்து கடைசி பில் எண்ணைச் சரிபார்க்கிறார்கள். முதல் ஞாயிறு திறந்தபோது உள்ளே 2022-ஆம் வருடத்துக் கணக்கு இருந்தது.